பழைய செயின்சாவுக்கு பெட்ரோல்–ஆயில் கலவை: எந்த ஆயில், எந்த விகிதம், எப்படிக் கலப்பது

பழைய செயின்சா ஒன்று கைக்கு வந்ததும் பலரைக் குழப்புவது டேங்க் அருகே எழுதியிருக்கும் 16:1 என்ற எண், அதாவது 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். புதிதாக வாங்கிய ஆயில் பாட்டிலோ 50:1 என்கிறது. ஒன்று சொல்லும் அளவு மற்றதைப் போல மூன்று மடங்கு. இரண்டையுமே அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பெட்ரோலோடு கலந்து எரிவதற்கென்றே செய்த நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலை 32:1-இல் கலந்து, அதற்கேற்ப கார்புரேட்டரைத் திருத்தி ஓட்டுங்கள்.

இந்த இன்ஜினுக்குத் தனி ஆயில் அறை கிடையாது. பெட்ரோலோடு உள்ளே போகும் ஆயில்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றையும் நனைக்கிறது. 1950, 60-களில் இதற்குப் பலரும் ஊற்றியது சாதாரண எஸ்ஏஇ 30 மோட்டார் ஆயில். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிவதற்கென்று செய்ததல்ல. ஆகவே நிறைய ஊற்ற வேண்டியிருந்தது. அந்த 16:1, அந்தக் கால ஆயிலுக்கு எழுதிய கணக்கு.

படி 1: டேங்கைச் சுத்தம் செய்யுங்கள்

பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரையும் பெட்ரோல் டியூப்பையும் புதிதாக மாற்றுங்கள். டியூப்பில் வெடிப்பு இருந்தால் காற்றும் சேர்ந்து இழுக்கும். பிறகு எந்தக் கலவை ஊற்றினாலும் இன்ஜின் சரியாக ஓடாது.

படி 2: ஆயிலைத் தேர்ந்தெடுங்கள்

பாட்டிலின் பின்பக்கம் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கிறதா பாருங்கள். இவை குறைவாகப் புகையும். புகைபோக்கித் துளையில் கரியும் அதிகம் படியாது. எஃப்டி இன்னும் சுத்தமானது. டிசி-டபிள்யூ3 என்று மட்டும் எழுதிய ஆயில் படகு இன்ஜினுக்கானது. அந்த இன்ஜின்கள் தண்ணீரால் குளிர்பவை. செயின்சா காற்றால் மட்டுமே குளிர்வதால் அதன் சூடு வேறு. அந்த ஆயிலைத் தவிர்ப்பதே நல்லது. கார், பைக்குக்கான ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயில் வேண்டவே வேண்டாம். செயின் மீது சொட்டும் ஆயிலும் வேறு, அதற்கான டேங்கும் வேறு. மூடியைத் திறக்கும்முன் எது எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: விகிதத்தை முடிவு செய்யுங்கள்

1 லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில் என்பது இதோ:

16:1 – 62.5 மில்லி
25:1 – 40 மில்லி
32:1 – 31 மில்லி
40:1 – 25 மில்லி
50:1 – 20 மில்லி

பெரும்பாலான பழைய செயின்சாக்களுக்கு 32:1 போதும். உருளை பேரிங் இல்லாமல் வெண்கலப் புஷ் வைத்த மிகப் பழைய மாடல் என்றால், அல்லது பிஸ்டனும் ரிங்கும் இப்போதுதான் மாற்றியிருக்கிறீர்கள் என்றால், 25:1-க்குப் போங்கள். 50:1 இன்றைய இன்ஜின்களுக்காக வகுத்தது. தேய்மானம் கண்ட பழைய இன்ஜினில் அந்தச் சிக்கனத்தால் மிச்சமாவது லிட்டருக்குச் சில மில்லி ஆயில்தான். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் அதற்கான பாகம் கிடைப்பதே அரிது.

படி 4: பெட்ரோல்

பழைய செயின்சாக்களில் கம்ப்ரஷன் பொதுவாகக் குறைவு. சாதாரண பெட்ரோலே போதும். அந்தக் கால ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். ஈயம் இல்லாததால் தேய்வது வால்வு இருக்கைகள். இந்த இன்ஜினில் அப்படிப்பட்ட வால்வே இல்லை.

கவலைப்பட வேண்டியது எத்தனாலைப் பற்றி. அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் உள்ள பழைய ரப்பர் டயாஃப்ரத்தையும் (மெல்லிய சவ்வு) டியூப்பையும் கெடுக்கும். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் புதிய பெட்ரோலைக் கொஞ்சமாகக் கலந்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

படி 5: கலப்பது

திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில், பெட்ரோலுக்கென்றே உள்ள சுத்தமான கேனில் கலக்குங்கள். முதலில் பாதி பெட்ரோல். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளவுக் குவளையிலோ அளந்த ஆயில். மூடி நன்றாகக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். கண்ணளவில் ஊற்றாதீர்கள். விகிதத்தையும் தேதியையும் கேனிலேயே எழுதிவையுங்கள். ஒரு மாதத்துக்குத் தேவையானதற்கு மேல் கலக்க வேண்டாம். ஒவ்வொரு முறை டேங்கில் ஊற்றும்முன்னும் கேனைக் குலுக்குங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 6: கார்புரேட்டரைத் திருத்துங்கள்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஆயிலைக் கூட்டினால் கலவை 'ரிச்' (காற்றுக்குப் பெட்ரோல் அதிகம்) ஆகும் என்று நினைப்பார்கள், நடப்பது தலைகீழ். கார்புரேட்டரின் ஜெட் (சிறு துளை) வழியாகப் போகும் அளவு மாறுவதில்லை. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது. 50:1 கலவையில் பெட்ரோல் 98 சதவீதம், 25:1-இல் சுமார் 96. எனவே ஆயில் கூடும்போது இன்ஜின் 'லீன்' (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு) பக்கம் நகர்ந்து, சூடும் ஏறும்.

இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, செயின் எதிலும் படாமல், இரண்டு மூன்று நொடி மட்டும் முழு த்ராட்டில் கொடுங்கள். சத்தம் பொருபொருவென்று லேசாகத் தடுமாற வேண்டும். மரத்தில் வைத்து அறுக்கும்போது அந்தத் தடுமாற்றம் மறைந்து சீராக வேண்டும். தடுமாற்றமே இல்லாமல் கீச்சென்று அலறினால் உடனே த்ராட்டிலை விடுங்கள்: கலவை லீன். கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான 'எச்' திருகை இடப்பக்கம் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்து மறுபடி கேளுங்கள்.

பிறகு சில டேங்க் ஓட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் 'எச்' திருகை இன்னும் திறக்க வேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் கொஞ்சம் மூடலாம். அதற்கு முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து பாருங்கள், பல முறை கோளாறு அங்கேதான் இருக்கும்.