விலை குறைந்த ஐஷேடோவில் ஒரு மாலை நேர மேக்கப்

விலை குறைந்த ஐஷேடோ வாங்கும்போது நான் முதலில் சோதிப்பது மேட் நிறங்களை, அதாவது பளபளப்பு இல்லாதவற்றைத்தான். மினுக்கு நிறம் எந்த ஐஷேடோவிலும் சுமாராக ஒட்டிக்கொள்ளும். மேட் நிறம் விரலில் தொட்டால் திட்டுத் திட்டாக வருகிறதா? சரி, இமையில் மெல்லியதாகக் கன்சீலர் (கருவளையம், தழும்பை மறைக்கும் க்ரீம்) பூசினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பவுடர் உதிரும் என்பதால் ஃபவுண்டேஷனுக்கு முன்பே கண்ணை முடித்துவிடுங்கள்.

இமை மடிப்பில் வெளிர் பழுப்பு, வெளி ஓரத்தில் அடர் பழுப்பு. பிரஷ்ஷைத் தட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு நிறமும் சேரும் கோடு மறையும்வரை தேயுங்கள். இதில் மட்டும் அவசரம் கூடாது. அப்புறம் செம்பு நிற மினுக்கை நடு இமையில் விரல் நுனியால் ஒற்றுங்கள். பிரஷ் என்றால் பாதி கன்னத்துக்குத்தான் போகும். ஐலைனர் தனியாக எதற்கு? அதே அடர் பழுப்பை ஈரமான மெல்லிய பிரஷ்ஷால் இமை முடியை ஒட்டி இழுத்தால் போதும். மஸ்காராவை மட்டும், மிச்சம் இருந்தாலும், திறந்த 3 மாதத்தில் தூக்கிப் போடுங்கள்.