ஃபேன், பம்ப், மோட்டார்: அதிர்வை அளந்து கோளாறைப் பிடிப்பது எப்படி?

மும்பையில் செம்பூரிலும் முலுண்டிலும் அறை எடுத்துத் தங்கி, மின் நிலையப் பராமரிப்பு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அதிர்வைப் பதிவு செய்யும் கைக்கருவியான டேட்டா கலெக்டரைக் கையில் கொடுத்து 'ரீடிங் எடுத்து வா' என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ரீடிங்கைப் படிப்பது எப்படி என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைப்பது அபூர்வம். இது அவர்களுக்காக.

டர்பைன் பக்கம் நாம் போகவில்லை. அதில் ஷாஃப்டின் அசைவை மைக்ரான் கணக்கில் அளக்கும் புரோப்களை நிரந்தரமாகவே பொருத்தியிருப்பார்கள். அதைச் சுற்றி ஓடும் ஃபேன்களும் பம்புகளும்தான் நம் வேலை.

முதலில் இடத்தைத் தயார் செய்யுங்கள்

காந்தத்தால் ஒட்டும் சென்சாரை பேரிங் ஹவுசிங்மேல், அதாவது ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கின் கூட்டின்மேல், வைக்க வேண்டும். மெல்லிய தகட்டு மூடியிலோ ஃபேன் உறையிலோ வைத்தால் அந்தத் தகட்டின் ஆட்டம்தான் பதிவாகும். பெயின்ட் தடிப்பாக இருந்தால் சுரண்டி எடுத்து, வேஸ்ட் துணியால் துடையுங்கள். கடலோர நிலையங்களில் மழைக்காலம் முடிவதற்குள் அந்த இடத்தில் துரு ஏறிவிடும்; ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு வையுங்கள். காந்தத்தை 'டக்'கென்று ஒட்டவிடாமல், ஒரு விளிம்பை வைத்து மெல்லச் சாய்த்து இறக்குங்கள். அடி பட்டால் சென்சார் கெடும். வைத்த இடத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி போடுங்கள், அடுத்த மாதம் வேறு ஒருவர் வந்தாலும் அதே இடத்தில்தான் வைப்பார்.

கிடைமட்டம், செங்குத்து, ஷாஃப்ட் நீளும் ஆக்சியல் திசை என ஒவ்வொரு பேரிங்குக்கும் மூன்று ரீடிங். கூடவே அப்போதைய லோடு, டேம்பர் (ஃபேனின் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) எவ்வளவு திறந்திருந்தது என்பதையும் எழுதுங்கள். இது இல்லாத ரீடிங்கைப் போன மாத ரீடிங்கோடு ஒப்பிட முடியாது. சட்டைக் கையை மடித்துவிடுங்கள்; இரண்டு ஷாஃப்டுகளை இணைத்துச் சுழலும் கப்ளிங் பக்கம் கேபிள் தொங்கவே கூடாது.

அப்புறம் மொத்த அளவு

300 கிலோவாட்டுக்கு மேற்பட்ட, உறுதியான அஸ்திவாரத்தில் நிற்கும் ஃபேன், மோட்டார் போன்றவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 10816-3 வகுத்த எல்லைகள் 2.3, 4.5, 7.1 மி.மீ./வினாடி ஆர்.எம்.எஸ். (அதிர்வு வேகத்தின் ஒருவகைச் சராசரி). இந்தத் தரம் பிறகு 20816 வரிசைக்குள் சேர்ந்துவிட்டது. 4.5-ஐத் தாண்டினால் நீண்ட நாள் ஓட விடக்கூடாது, 7.1-ஐத் தாண்டினால் மெஷினுக்கே சேதம் வரலாம். ஆனால் எண்ணைவிட மாற்றத்தைத்தான் நான் நம்புவேன். வருடக்கணக்காக 4-லேயே நிற்கும் ஃபேனைவிட, போன மாதம் 1.2 காட்டி இன்று 2.8 காட்டும் ஃபேன்தான் அவசரம்.

இனி ஸ்பெக்ட்ரம்

மொத்த அதிர்வை எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் படம்தான் ஸ்பெக்ட்ரம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) என்ற சுழற்சி வேகத்தை 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 1485 ஆர்.பி.எம். என்றால் 24.75 ஹெர்ட்ஸ். இதுதான் 1எக்ஸ், இதன் இரு மடங்கு 2எக்ஸ்; மற்றதெல்லாம் இதிலிருந்து கணக்கு.

1எக்ஸ் மட்டும் ஓங்கி, ஆக்சியலில் குறைவாக இருந்தால் முதல் சந்தேகம் அன்பேலன்ஸ், அதாவது சுழலும் பாகத்தில் ஒரு பக்கம் எடை கூடியிருப்பது. நிலக்கரி நிலையத்தில் பாய்லர் புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேனில் பிளேடில் சாம்பல் படிந்தாலே இது வரும். எடை வைத்து பேலன்ஸ் செய்யும் முன் இம்பெல்லரை (பிளேடுகள் உள்ள சக்கரத்தை) சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சாம்பலுக்கு எதிராக எடை வைத்தால், சாம்பல் உதிர்ந்த அன்றே அதிர்வு திரும்ப வரும்.

2எக்ஸும் ஆக்சியலும் சேர்ந்து உயர்ந்தால் அலைன்மெண்டை, அதாவது இணைந்த இரு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்பதை, பாருங்கள். 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் என்று வரிசையாக நீண்டால் போல்ட்டோ பேரிங்கின் பிடிப்போ தளர்ந்திருக்கும்.

பேரிங் கோளாறு 1எக்ஸின் முழு மடங்கில் உட்காராது. பால்கள் (குண்டுகள்) உருளும் வளையங்கள்தான் ரேஸ். தோராயக் கணக்கு இதுதான்: வெளி ரேஸுக்கு பால்களின் எண்ணிக்கை × 0.4 × 1எக்ஸ், உள் ரேஸுக்கு 0.4-க்குப் பதில் 0.6. 8 பால் உள்ள பேரிங், 24.75 ஹெர்ட்ஸ் என்றால் வெளி ரேஸ் 79 பக்கத்தில், உள் ரேஸ் 119 பக்கத்தில் வரும். உள் ரேஸ் என்றால் அதன் இரு பக்கமும் 24.75 இடைவெளியில் சின்னக் கோடுகளும் நிற்கும்.

2எக்ஸா, 100 ஹெர்ட்ஸா?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 2985 ஆர்.பி.எம். பம்ப் மோட்டாரில் 2எக்ஸ் 99.5 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பகுதி) தளர்வோ, அதற்கும் சுழலும் பகுதிக்கும் இடையிலான காற்று இடைவெளி சீரில்லாததோ காட்டும் சிகரம் 100-ல் வரும். இரண்டுக்கும் இடையே அரை ஹெர்ட்ஸ்தான். கருவியில் 1000 ஹெர்ட்ஸ் வரை 400 கோடுகளாக (பிரிவுகளாக) பிரித்துக் காட்டும்படி வைத்து எடுத்தால் ஒரு கோட்டின் அகலமே 2.5 ஹெர்ட்ஸ், இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதை 2எக்ஸ் என்று நினைத்து அலைன்மெண்டைப் பிரித்தால் ஒரு ஷிஃப்ட் வீண்.

200 ஹெர்ட்ஸ், 1600 கோடுகள் என்று மாற்றுங்கள். ஒரு கோடு 0.125 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ரீடிங் முடிய 8 வினாடி ஆகும், அவ்வளவுதான். இப்போது இரண்டு சிகரமும் தனித்தனியாக நிற்கும்.

இன்னும் உறுதி வேண்டுமா? ஸ்டாண்ட்பை பம்புக்கு மாற்றும் நேரத்தை ஆபரேட்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, சப்ளை நிற்கும்போது திரையைப் பாருங்கள். மின்சாரக் கோளாறு என்றால் அந்த நொடியே காணாமல் போகும். மெக்கானிக்கல் என்றால் வேகம் குறையக் குறையத்தான் இறங்கும்.

பழுது பார்த்த பிறகு

அதே புள்ளி, அதே லோடு, மெஷின் சூடேறிய பின் மறுபடி ரீடிங் எடுங்கள். பேரிங் மாற்றியிருந்தால் பழையதை ஸ்கிராப்புக்கு அனுப்ப விடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வெட்டிப் பிரித்து, நீங்கள் சொன்ன ரேஸில்தான் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ எடுத்து, அந்த ஸ்பெக்ட்ரத்தோடு சேர்த்து மெஷின் ஃபைலில் போடுங்கள்.