நடந்தால் இழுக்கும் கெண்டைக்கால்: நடந்தே சரிசெய்த முறை

நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். ரத்தக்குழாய் சுருங்கியதன் அடையாளம் இது. முதுகில் நரம்பு அழுந்துவதால் வரும் கால் வலி சும்மா நின்றால் போகாது, உட்காரவோ குனியவோ வேண்டும்.

முதலில் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.90-க்குக் கீழே என்றால் அடைப்புதான். பல வருட சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டு, எண் பொய்யாக ஏறி நிற்கும். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அளக்க வேண்டும். இதயத்தையும் பார்த்துவிடுங்கள், கால் குழாய் அடைப்பும் இதயக் குழாய் அடைப்பும் ஒரே நோய்.

எனக்குப் பலித்த நடை இது. 3 முதல் 5 நிமிடத்துக்குள் வலி வரும் வேகம். லேசாக வலித்ததும் நின்றுவிடுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஓரளவு கடுமையாகும்வரை நடக்க வேண்டும். பிறகு நின்று, வலி முழுதாக விட்டதும் மறுபடி நடை. ஓய்வோடு சேர்த்து 30 நிமிடத்தில் தொடங்கி மெல்ல 50 வரை. வாரம் 3 நாள், குறைந்தது 12 வாரம். அடைப்பு கரையாது, சதை கிடைக்கிற ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகும், அவ்வளவுதான்.

சேலத்தில் காந்தி மைதானம் மாதிரி சமதளமே ஆரம்பத்துக்குப் போதும். வலியில்லாமல் 8, 10 நிமிடம் போக முடிந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம். ஏற்காட்டு மேடெல்லாம் அதற்கப்புறம். ஏற்றத்தில் கெண்டைச்சதை கேட்கும் ஆக்ஸிஜன் ரொம்ப அதிகம்.

பீடி, சிகரெட்டை விட்டாக வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. பருத்தி சாக்ஸ், அகலமான ஷூ. கழற்றியதும் விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். படுத்தாலும் வலி, ஆறாத புண், கறுத்த விரல் என்றால் நடைப்பயிற்சி வேண்டாம், உடனே ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் போங்கள்.