அன்ரனாவை வெட்டுவதற்கு முன்: கேபிளில் அலை எங்கே தெறிக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

அமெச்சூர் வானொலிக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைமார் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, எஸ்டபிள்யூஆர் 3 காட்டுது. அன்ரனாவை வெட்டவா?" எஸ்டபிள்யூஆர் (நிலை அலை விகிதம்) என்பது கேபிளில் அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் கூடக்கூடத் திரும்புவதும் கூடும். வெட்டாதீர்கள். அலை எங்கிருந்து திரும்பி வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

காலிமுகத்திடலில் நின்று கடலைக் கவனித்திருப்பீர்கள். கற்சுவரில் மோதிய அலை திரும்பி, எதிரே வரும் அலையோடு சேர்ந்து எழும்பும். மணற்சரிவில் ஏறும் அலை அங்கேயே அடங்கிவிடும். 50 ஓம் கேபிளின் முனையில் 50 ஓம் இருந்தால் அது மணல். வலு முழுவதும் அடங்கிவிடும். வேறு பெறுமானம் இருந்தால் ஒரு பங்கு தெறிக்கும்.

எவ்வளவு தெறிக்கும்? முனையில் 75 ஓம் என்று வைப்போம். வித்தியாசம் 25, கூட்டுத்தொகை 125. வகுத்தால் 0.2, அதுதான் தெறிப்புக் குணகம். அதன் வர்க்கம் 0.04, அதாவது 4% வலு திரும்புகிறது. (1 + 0.2)ஐ (1 − 0.2)ஆல் வகுத்தால் எஸ்டபிள்யூஆர் 1.5. இதற்காகத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். 3 என்றால் 25% திரும்புகிறது, அதைக் கட்டாயம் தேடிப்பிடிக்க வேண்டும்.

படி 1. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் போய் 100 ஓம், 2 வாட் கார்பன் தடையிகள் இரண்டு வாங்குங்கள். கம்பி சுற்றியது வேண்டாம். அது சுருளாக வேலை செய்து கணக்கைக் குழப்பும். இரண்டையும் சமாந்தரமாக ஒரு கனெக்டரில் பற்றவைத்தால் 50 ஓம் போலிச்சுமை (அன்ரனாவுக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் சுமை) தயார். கால்களைச் சில மில்லிமீற்றருக்கு மேல் விடாதீர்கள். அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் மட்டும், ஆகக் குறைந்த வலுவில், சில விநாடிகள் மட்டுமே ட்ரான்ஸ்மிட் செய்யுங்கள்.

படி 2. போலிச்சுமையை நேரே எஸ்டபிள்யூஆர் மீற்றரில் மாட்டுங்கள். 1.2க்குள் வந்தால் மீற்றரை நம்பலாம்.

படி 3. அன்ரனாவைக் கழற்றி, கேபிளின் மேல்முனையில் போலிச்சுமையை மாட்டிவிட்டு, கீழே வந்து அளவெடுங்கள். இப்போதும் கூடுதலாகக் காட்டினால் குற்றம் கேபிளிலோ கனெக்டரிலோ இருக்கிறது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த எங்கள் மொட்டைமாடியில், இதைச் செய்யாமல் இரண்டு நாள் அன்ரனாவை வெட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் உப்புக்காற்று கனெக்டருக்குள் புகுந்து செப்புப் பின்னலைப் பச்சையாக்கியிருந்தது. ஒரு அடி கேபிளை வெட்டியெறிந்து, புதுக் கனெக்டர் போட்டு, தானாக ஒட்டும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றியதும் சரியாகிவிட்டது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அந்த டேப்பில் காசு பார்க்கவே கூடாது.

படி 4. நானோவிஎன்ஏ (மிகச் சிறிய வலுவில் தானே அலை அனுப்பித் தெறிப்பை அளக்கும் கையடக்கக் கருவி) வைத்திருப்பவர்களுக்கு மட்டும். வெறும் முனைக்கு ரேடியோவால் ட்ரான்ஸ்மிட் செய்தால் ட்ரான்சிஸ்டர் போய்விடலாம். மேல்முனையில் எதுவும் மாட்டாமல் அளந்து பாருங்கள். எல்லாமே தெறிப்பதால் எஸ்டபிள்யூஆர் மிகப் பெரிதாக வர வேண்டும். வெறும் 3தான் காட்டுகிறதா? அப்படியானால் போகும்போது பாதி வலுவும், திரும்பும்போது மிச்சத்தில் பாதியும் கேபிளிலேயே சூடாகிவிடுகிறது. இந்தக் கேபிளோடு அன்ரனா அறுந்து கிடந்தாலும் அறையில் உள்ள மீற்றர் 3க்கு மேல் காட்டாது! "எனக்கு எஸ்டபிள்யூஆர் நல்லாத்தான் இருக்கு, ஆனால் யாருக்கும் கேட்குதில்லை" என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேபிளை மாற்றுவதே வழி.

படி 5. இவ்வளவும் சரி என்றால் அப்புறம் அன்ரனாவைத் தொடலாம். 145 மெகாஹேர்ட்ஸ் டைபோலுக்கு (இரண்டு கம்பிக் கைகள் கொண்ட அன்ரனா) ஒரு கை ஏறக்குறைய 49 சென்ரிமீற்றர். 51இல் தொடங்குங்கள். எஸ்டபிள்யூஆர் ஆகக் குறையும் மீடிறன் 145க்குக் கீழே இருந்தால் இரு கைகளிலும் 3 மில்லிமீற்றர் வெட்டி மறுபடி அளந்து பாருங்கள். மேலே இருந்தால் கை கட்டையாகிவிட்டது. புதுக் கம்பி எடுக்க வேண்டியதுதான்.