144 இப்போது தடை உத்தரவு அல்ல

ஊரில் பதற்றம் என்றாலே '144 போட்டிருக்கிறார்கள்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஐப் புரட்டினால், அங்கே இருப்பது ஜீவனாம்சம். தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (இ.பி.கோ.) பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 302 அல்ல, 103. அதே சட்டத்தின் 302, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது. 420-ஐத் தேடவே வேண்டாம், மொத்தமே 358 பிரிவுகள்தான். (வசவாக மட்டும் 420 இன்னும் நூறாண்டு வாழும்.)

ஆகவே, சட்டத்தின் பெயரும் ஆண்டும் இல்லாமல் வெறும் எண்ணை எழுதாதீர்கள். அதற்காக எல்லாவற்றையும் புது எண்ணுக்கு மாற்றிவிடுவதும் தப்பு. 2024 ஜூன் 30 அன்று நடந்த ஏமாற்று வேலைக்கு இன்றைக்குப் புகார் கொடுத்தாலும், குற்றம் பழைய இ.பி.கோ. 420-தான். சம்பவத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு அப்புறம் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

அச்சில் இருப்பதெல்லாம் அமலில் இருக்கிறது என்றும் நம்பக்கூடாது. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற நியாய சன்ஹிதா 106(2)-ஐ எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடினார்கள். ஜூலை 1-இல் சட்டம் நடப்புக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் அரசு நிறுத்திவைத்தது. புத்தகத்தில் அது மற்றவற்றைப் போலவே கம்பீரமாக அச்சாகியிருக்கும். தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டத்தின் ஆண்டு 2017. நடப்புக்கு வந்ததோ 2019 பிப்ரவரி 22. இன்னும் 1960-ஆம் வருஷச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

செக் வழக்குகளில்தான் இந்த அலட்சியத்துக்கு விலை அதிகம். ஒரு கடைக்காரர் வந்தார். செக் திரும்பி 40 நாள் ஆகியிருந்தது. 'பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பணுமாமே, பத்தொன்பதாம் நாள்தான் படித்தேன், சரி போச்சு என்று விட்டுவிட்டேன்' என்றார். கையில் இருந்தது இருபது வருஷத்துக்கு மேல் பழைய புத்தகம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-இன் வரம்புரையில் (பிரிவுக்கு நிபந்தனை போடும் பகுதி) அந்தப் பதினைந்து நாள் 2003 பிப்ரவரியிலேயே முப்பதாகிவிட்டது. அந்தப் பத்தொன்பதாம் நாளே அனுப்பியிருந்தால் தாராளமாகப் போதும்.

நல்லவேளை, செக்கின் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியவில்லை. மறுபடி வங்கியில் போடச் சொன்னேன். அது திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'ஆறு மாதம் இருக்கிறதே, மெதுவாகப் போடலாமே' என்றார் அவர். வரம்புரையில் ஆறு மாதம் என்றுதான் இருக்கும். ஆனால் கூடவே 'அல்லது அது செல்லுபடியாகும் காலத்துக்குள், இதில் எது முந்தியதோ' என்றும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் முதல் அந்தக் காலத்தை மூன்று மாதமாக்கிவிட்டது. பிரிவை மட்டும் படித்து வரம்புரையில் பாதியை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

மத்தியச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 'அக்காவுக்கு 85-லேயே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கிடையாது' என்று தம்பிமார் இன்றும் சொல்வது அந்த வரியை வைத்துத்தான். 2005 செப்டம்பர் 9 முதல் நடப்பில் உள்ள மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற 2015 தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் மாற்றிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரப்பதிவோடு பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. அதனால் அக்கா வந்தால் நான் முதலில் கேட்பது பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல், அப்புறம்தான் கல்யாணத் தேதி.