நெட்வொர்க் பிரிண்டரில் அனுமதிப் பிழை: என் அனுபவம்
கும்பகோணத்தில் எங்கள் உரக்கடையில் குறுவைக்கு யூரியா வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கிற நேரம், பில் போடும் கம்ப்யூட்டரில் மட்டும் நெட்வொர்க் பிரிண்டர் ஏறவில்லை, 'ஆக்சஸ் டினைடு'. ஷேரிங்கில் எல்லாருக்கும் அனுமதி கொடுத்தேன், ஃபயர்வாலை நிறுத்தினேன், ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் சேவை) மறுபடி ஓடவிட்டேன். மூன்று நாள் போனது.

குடோன் கம்ப்யூட்டரில் மட்டும் அச்சு வந்துகொண்டே இருந்தது. விஷயம் அங்கேதான்: அதில் டிரைவர் (பிரிண்டரை இயக்குகிற மென்பொருள்) ஏற்கனவே இருந்தது. 2021 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டிலிருந்து, ஷேர் பிரிண்டரின் டிரைவரை இறக்க அட்மின் உரிமை வேண்டும். தடை பிரிண்டரில் இல்லை, டிரைவரில்.

சரி என்று அட்மினாக நுழைந்து, பிரிண்டர் மாட்டியிருக்கிற கம்ப்யூட்டரில் உள்ள அதே பதிப்பு டிரைவரை நிறுவினேன் (பதிப்பு வேறானால் மறுபடி பிழை வரலாம்), அப்புறம் பில் போடுகிற தம்பியின் லாகினில் சேர்த்ததும் உடனே ஏறியது. அப்பாடா! ஃபயர்வாலை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.