பனியாற்றின் பெயரை நம்பிக் கதை எழுதாதீர்கள்

பனியாறுகளைப் பற்றி எழுதும்போது, பனிப்பாறை என்றே எல்லாவற்றையும் எழுதிவிடுவது முதல் தவறு. கடலில் உடைந்து மிதப்பது பனிப்பாறை. நிலத்தின் மேல் மெல்ல நகர்ந்து வருவது பனியாறு. நம் செய்தித்தாள்களில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அடுத்தது, பெயருக்குரியவரையே கண்டுபிடித்தவராக்குவது. அண்டார்க்டிகாவின் மாபெரும் பனியாறுகளில் ஒன்றான லாம்பர்ட்டைப் பாருங்கள். 1947 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று அந்தக் கரையோரம் மூன்று முறை பறந்து படமெடுத்தது. விமானத்துக்கும் குழுவுக்கும் 'பேக்கர் த்ரீ' என்று சங்கேதப் பெயர். அந்தப் படங்களை மேசையில் பரப்பி, 1952இல் பனியாற்றின் உருவத்தை வரைந்தவர் ஜான் ராஸ்கோ என்ற புவியியலாளர். 'பேக்கர் த்ரீ பனியாறு' என்று பெயரும் வைத்தார். 1956இல் அமெரிக்க அரசின் அண்டார்க்டிகப் பெயர்ப்பட்டியலிலும் ஏறியது. ஆனால் அச்சான நிலப்படங்களில் உடனே வரவில்லை. அதற்குள் ஆஸ்திரேலியர்கள் அப்பகுதியை அளந்து, தங்கள் தேசிய நிலப்பட இயக்குநர் புரூஸ் லாம்பர்ட்டின் பெயரை 1957இல் சூட்டிவிட்டார்கள். அதுவே நிலைத்தது. பாவம் ராஸ்கோ!

சரி, படமெடுத்தால் நிலப்படம் தயாராகிவிடுமா? ஆகாது. அப்போது விமானத்தில் மூன்று கேமராக்கள் இருந்தன: ஒன்று நேர் கீழே, மற்ற இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்வாக. அடிவானத்திலிருந்து அடிவானம்வரை எல்லாம் பதிந்துவிடும். ஆனால் படத்தில் தெரியும் மலைமுகடு பூமியில் எங்கே இருக்கிறது என்று யாராவது போய் அளந்து சொல்ல வேண்டும். அதற்காகவே மறு கோடையில் இன்னொரு குழு ஹெலிகாப்டரில் போனது.

பெயரை மொழிபெயர்ப்பதும் ஆபத்து. 'பைன் ஐலண்ட்' பனியாற்றைப் 'பைன் தீவுப் பனியாறு' என்றால் மரமும் தீவும் கண்முன் வந்துவிடும். பக்கத்து விரிகுடாவின் பெயர்தான் அதற்கு. விரிகுடாவுக்கோ அமெரிக்கக் கடற்படையின் 1946–47 பயணத்தில் வந்த ஒரு கப்பலின் பெயர். அதன் அண்டையிலுள்ள த்வெய்ட்ஸ் பனியாற்றுக்கு 1967இல் சூட்டப்பட்டது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் பெயர்; அவரோ அண்டார்க்டிகாவில் கால் வைத்ததே இல்லை.

அப்புறம், பழைய எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். லாம்பர்ட் எங்கே தரையை விட்டுக் கடல்நீரில் மிதக்கத் தொடங்குகிறது என்று முன்பு குறித்திருந்த இடத்தைச் செயற்கைக்கோள் அளவீடுகள் 200 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளிவிட்டன. ஆகவே அதன் நீளத்தை எழுதினால், எங்கிருந்து எதுவரை அளந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.